நாலு பத்துக்கு வரைந்தது

ஜனவரி 6

அன்புள்ள அண்ணனுக்கு,

சில்வண்டு எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குத்தான் இருமல் விட்டபாடில்லை. சட்டை உடம்பில் ஒட்டாமல் தொளதொளவென்று ஆடுகிறது. கேட்டால், "லிப்ட் மெக்கானிக் ஒல்லியா இருந்தாதான்டி சந்துக்குள்ள நுழைய முடியும்" என்று சிரிக்கிறார். உன் முதுகுவலி எப்படி? துறைமுகக் கிரேன் கூண்டில் தலையணை வைத்துக்கொள்ளச் சொன்னேனே, வைத்தாயா?

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. ஆசிரியை முதல் வகுப்பிலேயே குண்டைத் தூக்கிப் போட்டார். "படம் வரையறதைப் பத்தி நீங்க எதை நம்பறீங்க? ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. பெரியவங்க யாராவது சொன்னதை எழுதினா கிழிச்சிடுவேன்" என்றார். இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதியது இதுதான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவேன். அழகாக்க மாட்டேன், அசிங்கமாக்கவும் மாட்டேன். மூலையில் மணி போடுவேன், ஏனென்றால் பத்து மணி முகமும் பத்தரை மணி முகமும் ஒன்றல்ல. எடுத்த படத்தை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். நடுவில் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்கூட எதிரில் உட்கார்ந்திருப்பது வேறு ஆள்தான்.

ஆசிரியை படித்துவிட்டு அடியில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்தார். எனக்கு வந்ததே கோபம்! நீயே சொல், இதில் கேள்விக்கு எங்கே இடம்?

வேளைக்குச் சாப்பிடு. சோம்பல்படாமல் பதில் போடு.

உன் தங்கை

~

ஜனவரி 28

சில்வண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. தலையணை வைத்தேன். "என்னப்பா, மேல தூங்கவா போறே?" என்று கீழே இருப்பவர்கள் கிண்டல் செய்கிறார்கள். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனீர்களா? இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லி இழுத்துக்கொண்டு போ. அவருக்கு அம்மாவிடம் மட்டும்தான் பயம்.

உன் ஒரு பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெல்டர் கேட்டார்: "தங்கச்சி படம் வரையப் போகுதா, கோர்ட்டுல சாட்சி சொல்லப் போகுதா?" ஒரே சிரிப்பு. எனக்கு மட்டும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இந்த வீட்டில் எதையாவது நம்புகிறேன் என்று எழுதி வைத்தவள் நீ ஒருத்திதான்.

ஆனால் ஒரு சந்தேகம். நான் நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ கீழே இருந்து என்னை வரைகிறாய். பாதிப் படத்தில் நான் தவறி விழுகிறேன். என்ன செய்வாய்? யோசித்துப் பதில் எழுது.

அப்பா அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்

~

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் கேள்விக்குப் பதில்: விழுகிற உன்னை வரைய முடியாது. ரொம்ப வேகம். அதனால் கவலைப்படாதே, ஓடி வந்து பிடித்துக்கொள்வேன்.

மேலே உள்ளது பத்து நாளைக்கு முன்னால் ஆரம்பித்தது. வேறு தாள் எடுக்கக்கூட மனம் இல்லை. அப்படியே தொடர்கிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வேலைக்குப் போன இடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறார். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து, மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, "நுரையீரல் முழுக்கப் பரவிடுச்சு. வாரக்கணக்குதான்" என்றார். அம்மா, "எத்தனை வாரம்?" என்று கேட்டாள், தையல் கூடத்தில் துணி எப்போது வரும் என்று கேட்பதுபோல. அந்த பேப்பர் வெயிட்டுக்குள் ஒரு நீலப் பூ இருந்தது. அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

காலையில் அம்மா, மதியம் கல்லூரி விட்டதும் நான் என்று மாற்றி மாற்றி இருக்கிறோம். அவர் தூங்கும்போது வரைகிறேன். தோள் எலும்பு சட்டை மாட்டும் ஹேங்கர் மாதிரி துருத்திக்கொண்டிருக்கிறது. விழித்திருந்தால் உன்னைத்தான் கேட்கிறார்.

அண்ணா, உடனே வா. தேதி பார்க்காதே.

உன் தங்கை

~

மார்ச் 8

சில்வண்டுக்கு,

உன் கடிதம் பதினைந்து நாள் கழித்துத்தான் வந்தது. நான் இருக்கும் நிலைமையைக் கேட்காதே, அப்பா எப்படி இருக்கிறார் என்பதைச் சொல். வலி இருக்கிறதா? பேசுகிறாரா?

லீவு கேட்டேன். மூன்று கப்பல் வரிசையில் நிற்கிறது என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். நாளைக் காலையில் மறுபடி போய் நிற்பேன். கிடைத்தால் இரண்டு நாள் ரயில், அங்கே இருப்பேன். அப்பாவிடம் சொல், வருகிறான் என்று சொல்.

அண்ணன்

~

மார்ச் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறதோ தெரியவில்லை. நாங்கள் இருக்கிறோம்.

அம்மாதான் உன் ஆபீசுக்குப் போன் செய்தாள். நீ கப்பல் வேலையில் இருப்பதாகவும், வந்ததும் சொல்வதாகவும் சொன்னார்களாம். எப்போது தெரிந்தது உனக்கு? தனியாக இருந்தாயா, யாராவது கூட இருந்தார்களா?

பன்னிரண்டாம் தேதி மாலை. தூக்கத்திலேயே போய்விட்டார். நர்ஸ் வந்து பார்த்து நாலே முக்கால் என்று எழுதினார். அம்மாவும் நானும் பக்கத்தில்தான் இருந்தோம். கஷ்டப்படவில்லை. அவரோடு வேலை பார்த்தவர்கள் பதினெட்டுப் பேர் சீருடையிலேயே வந்து சுமந்தார்கள்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா நேற்றிலிருந்து தையல் கூடத்துக்குப் போகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை

~

ஏப்ரல் 10

அன்புத் தங்கைக்கு,

அம்மா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? நான் உயிரோடு இருக்கிறேன்.

செய்தி எனக்குப் பதினாலாம் தேதிதான் கிடைத்தது. கப்பலில்தான் இருந்தேன். லீவு கடைசிவரை கொடுக்கவில்லை. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத விருப்பமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியாக அப்பா என்ன பேசினார்? ஒரு வார்த்தையானாலும் பரவாயில்லை, எழுது. பிறகு, ஆஸ்பத்திரியில் வரைந்ததில் ஒரு படம் அனுப்பு. கூண்டில் என் கண்ணுக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்

~

மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம்தானே? இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மா அப்பாவின் ஸ்பேனர்களை எண்ணெய் போட்டுத் துடைத்து, அவரோடு வேலை பார்த்தவருக்குக் கொடுத்துவிட்டாள்.

கல்லூரியில் ஆண்டுக் கண்காட்சி நடக்கிறது. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருவருடைய படங்களுக்குத் தனிச் சுவர் தருவார்கள். எங்கள் வகுப்பில் எனக்குக் கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிப் படங்கள் ஆறு. முதல் நாள் மாட்டும்போது ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர் ஏணியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். படங்கள் சுவரில் இருப்பதால் நீ கேட்டதை இப்போது அனுப்ப முடியவில்லை. கண்காட்சி முடியட்டும்.

மழை வரும்போல இருக்கிறது. துணி எடுக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

~

ஜூன் 14

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று வெல்டர் ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். "உன் தங்கச்சி காலேஜா பாரு" என்று நீட்டினார். கண்காட்சியைப் பற்றி ஒரு பக்கம். நடுவில் இரண்டு படம். முதலில் எனக்கு அது யார் என்றே தெரியவில்லை. அப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை! கீழே இருந்த எழுத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது. "தந்தை, 4.10." "தந்தை, 4.25."

போன வருடம் துறைமுகத் தண்ணீரிலிருந்து ஒருவரைப் பிணமாக இழுத்துப் போட்டேன், எழுதியிருந்தேனே. அவர் தாடை எப்படி இறங்கியிருந்தது, கண் எப்படிப் பாதி திறந்திருந்தது என்று எனக்குத் தெரியும். நாலு பத்துப் படத்தில் இருப்பவர் தூங்கவில்லை. நாலு இருபத்தைந்தில் இருப்பவரும் தூங்கவில்லை. நர்ஸ் எழுதியது நாலே முக்கால்.

அந்த அரை மணி நேரம் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? வாயை மூடிவிடக்கூட உனக்குத் தோன்றவில்லையா? நிழல் போட்டுக்கொண்டிருந்தாயா? பென்சில் சீவினாயா? நான் விழுந்தால் ஓடி வந்து பிடிப்பேன் என்று எழுதியவள் நீதானே!

ஒரே கேள்வி. அழைப்பு மணி உன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா, இல்லையா?

அண்ணன்

~

ஜூலை 3

அண்ணனுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அதை மட்டும் கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன்.

எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் தலையணைக்குப் பக்கத்தில் வெள்ளை ஒயரில் தொங்கியது. இடது கையை நீட்டினால் போதும்.

அன்றைக்கு அம்மா துணி மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். மூன்றரைக்கு வரைய உட்கார்ந்தேன். சாய்ந்த வெயில் அவர் கன்னத்து எலும்பில் விழுந்துகொண்டிருந்தது. நாலு மணி வாக்கில் மூச்சு மாறியது. ஒன்று வந்தால் அடுத்தது வர நேரமாகிறது. நான் பென்சிலை வைத்துவிட்டு எழுந்தேன். சத்தியமாக எழுந்தேன். அப்போது அப்பா கண்ணைத் திறந்து, "முடிச்சிடு" என்றார்.

அவ்வளவுதான். நீ கேட்டாயே கடைசி வார்த்தை, அதுதான். போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன், ஏனென்றால் அது யாருக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. படத்தை முடி என்றாரா? லிப்ட் குழிக்குள் இருந்துகொண்டு மேலே நிற்கும் ஆளிடம் கத்துவாரே, "முடிச்சிடு, முடிச்சிடு" என்று, அந்த நினைப்பா? வலி போதும், முடித்துவிடு என்றாரா? மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சரியாகப் படுகிறது.

நான் உட்கார்ந்தேன். வரைந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த மூச்சு வரவில்லை. எனக்குத் தெரிந்தது அண்ணா. தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் கடிகாரத்தைப் பார்த்து நாலு பத்து என்று மூலையில் எழுதினேன். அடுத்த தாளை எடுத்தேன். அப்பா சொன்னதால் உட்கார்ந்தேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் இருந்ததுபோல என் கை என்றைக்கும் இருந்ததில்லை. கோடு அதுவாக வந்தது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. நல்லா வருது, நல்லா வருது என்று உள்ளே யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது நான்தான்.

நாலு முப்பத்தைந்துக்கு அம்மா வந்தாள். வாசலில் நின்று ஒரு நொடி இருவரையும் பார்த்தாள். கையிலிருந்த பிளாஸ்கை மேசையில் வைத்தாள். அப்பாவின் வாயை மூடி, கண்ணை மூடி, போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பென்சிலை உள்ள வை" என்றாள். நான் வைத்த பிறகுதான் மணியை அழுத்தினாள். ஓடி வந்த நர்சிடம், "இப்பதான்மா, இந்த நிமிஷம்தான்" என்றாள்.

அதன் பிறகு இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படங்களைப் பார்க்கவும் வரவில்லை. கண்காட்சி முடிந்து எல்லாம் கல்லூரி அலமாரியில் இருக்கின்றன. அப்பா போன நாளிலிருந்து நான் ஒரு கோடுகூடப் போடவில்லை. ஆசிரியை அன்றைக்குப் போட்ட கேள்விக்குறி எதற்கு என்று இப்போது தெரிகிறது. ஆனால் பதில் தெரியவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தங்கை

~

ஆகஸ்ட் 20

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாயா? எனக்குக் கண்ணில் கொஞ்சம் நீர் வடிகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோக்க மட்டும் பக்கத்தில் இருப்பவளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஒன்றரை மாதமாக உன் தங்கை தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள். நீ அவளுக்கு எழுதிய கடிதம் மேசையில் கிடந்தது. படித்தேன். பிள்ளைகள் கடிதத்தைப் படிப்பது தப்புத்தான். ஆனாலும் படித்தேன்.

மணி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அவளைக் கேட்டிருக்கிறாய். நான் ஒன்று கேட்கிறேன். நீ ரயிலிலிருந்து எந்த ஸ்டேஷனில் இறங்கினாய்?

அன்று உன் ஆபீசுக்குப் போன் செய்தபோது குமாஸ்தா, "அவர் ஒம்பதாம் தேதியே லீவுல கிளம்பிட்டாரேம்மா, இன்னும் வந்து சேரலையா?" என்றார். "வண்டி தாமதமா இருக்கும் சார், திரும்பி வந்தா சேதியைச் சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டேன். உன் தங்கையிடம், கப்பல் வேலையில் இருக்கிறான் என்றேன். நீயும் அதையே பிடித்துக்கொண்டாய்.

உன் அப்பா கடைசி இரண்டு நாளும் வாசல் பக்கமாகத்தான் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எதற்கு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஒருத்தி பார்த்ததிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். ஒருத்தன் பார்க்க முடியாமல் பாதி வழியில் இறங்கிவிட்டான். இரண்டு பேரையும் நான்தான் பெற்றேன். யாரைப் பிடித்து அடிப்பது?

அவளுக்கு ஒரு கடிதம் போடு. தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் சூடு ஏறிவிடும்.

அம்மா

~

செப்டம்பர் 5

சில்வண்டுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அம்மாவின் கடிதத்தைக் கூண்டில் வைத்துப் படித்தேன். படித்து முடித்ததும் லீவரைப் பிடிக்க முடியவில்லை. கொக்கியில் கன்டெய்னர் தொங்கிக்கொண்டிருக்கிறது, கீழே எல்லோரும் கத்துகிறார்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதமாக அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது! கப்பல் வேலை என்று ஆபீசில் யார் சொல்லி என்னைக் காப்பாற்றினார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். அம்மாதான்.

உனக்கும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் தேதி காலையில் லீவு கிடைத்தது. மதிய வண்டியைப் பிடித்தேன். மறுநாள் ஒரு ஜங்ஷனில் டீ குடிக்க இறங்கினேன். நீ எழுதியிருந்தாயே, தோள் எலும்பு ஹேங்கர் மாதிரி என்று. அதைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். காலில் பலம் போய்விட்டது. தினமும் நாற்பது மீட்டர் ஏணி ஏறுகிற கால் அது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டி போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். என் பையும் வண்டியோடு போய்விட்டது. அடுத்த வண்டி, அடுத்த வண்டி என்று மூன்று நாள் பிரயாணிகள் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வண்டி போனது. பிறகு எதிர்த்திசை வண்டியில் ஏறினேன்.

இப்படிப்பட்டவன் உன்னிடம் மணி எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், பொய்யாகிவிடும். பாதி இருக்கிறது. அந்த வாயை நீ மூடியிருக்கலாம். ஆனால் பத்திரிகையிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வைத்திருக்கிறேன். நீ எழுதியது, அம்மா எழுதியது, எல்லாம் வெறும் வார்த்தை. அப்பா போனது அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அடுத்த மாதம் இருபது நாள் லீவு கேட்டிருக்கிறேன். இந்த முறை டீக்கு இறங்க மாட்டேன்.

அண்ணன்

~

செப்டம்பர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது வண்டியா! திட்டத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. உன் கால் இப்போது சரியாக இருக்கிறதா? அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம்.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன். மதியம் வகுப்பில் இருக்கிறேன், வாசலில் அம்மா. தையல் கூடத்து அங்கியோடு, தோளில் அளவு நாடாவோடு வந்து நிற்கிறாள். ஆசிரியையிடம், "இவ வரைஞ்ச எங்க வீட்டுக்காரர் படம் இங்க இருக்காமே, பாக்கலாமா?" என்றாள். ஆசிரியை அலமாரியைத் திறந்து ஆறையும் மேசையில் பரப்பி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். நாலு பத்தை இரண்டு கையாலும் எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நான் சுவரோடு சுவராக நின்றேன். அடிக்கப் போகிறாள், இல்லை கிழிக்கப் போகிறாள், இல்லை உடைந்து அழப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "காது இப்படி இல்லையே" என்றாள்.

"என்னம்மா?"

"உங்கப்பாவுக்கு இடது காது மேல மடங்கியிருக்கும். நீ நேரா போட்டிருக்கே. இது வேற யாரோ காது."

ஆறு படத்தையும் பார்த்தோம். ஆறிலும் காது நேராகத்தான் இருந்தது. அண்ணா, ஒரு மாதம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் வரைவேன் என்று எழுதிக் கொடுத்தவள். அந்த அரை மணி நேரம், எழுந்திருக்காமல், மணியைத் தொடாமல், வாயை மூடாமல் பார்த்தேனே, அப்போதும் அந்தக் காதைப் பார்க்கவில்லை. வகுப்பில் பழகிய ஏதோ ஒரு காதைக் கை போட்டுக்கொண்டு போயிருக்கிறது. நீ அத்தனை திட்டியும் அழாதவள், அங்கே அம்மாவின் அங்கியைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். அம்மா அளவு நாடாவின் நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "உன் அண்ணனுக்கும் அச்சு அசல் அதே காதுதான்டி" என்றாள்.

அந்த ஆறையும் திருத்த மாட்டேன். அது அப்படியே கிடக்கட்டும். புதிதாக ஒன்று வரைய வேண்டும், இன்று காலையில் பென்சில் சீவினேன். நீ வந்து வெளிச்சத்துப் பக்கமாக உட்கார்ந்தால் போதும். பேசலாம், தும்மலாம், நடுவில் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டும் வரலாம். கூப்பிட்டால் நானும் எழுந்து வருவேன்.

சீக்கிரம் வா. உன் காதை நான் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை.

உன் தங்கை